கடைசி வீடு வரை தண்ணீர் வர அலைந்த அலைச்சல்

வால்வு மாற்றியாகிவிட்டது. கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் நடுவில் கடலோரமாக இருக்கும் எங்கள் ஊரில், கிழக்குத் தெருவின் கடைசி வீடு வரை இப்போது காவிரித் தண்ணீர் வருகிறது. பார்த்தால் ஒரு பகல் வேலை. அதைச் செய்யவைக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை. இந்தக் கரையில் பல ஊர்களில் இதே கதைதான் என்பதால், எங்கெங்கே மனு முட்டிக்கொண்டு நின்றது, எதைச் செய்தபோது நகர்ந்தது என்பதை எழுதிவைக்கிறோம்.

மனு எழுதுவதற்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுங்கள். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது? கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு வரும் பெரிய குழாய் குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. ஊர் சம்ப்பிலோ மேல்நிலைத் தொட்டியிலோ தண்ணீரை விடுவதோடு வாரியத்தின் வேலை முடிந்தது. அங்கிருந்து தெருக்குழாய், வால்வு, வீட்டு இணைப்பு எல்லாம் ஊராட்சியுடையவை. வாரியம் தரும் தண்ணீரை அளக்க சம்ப் பக்கத்தில் மீட்டரும் இருக்கும். இது தெரியாமல் “எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வரவில்லை” என்று பொதுவாக எழுதினால், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்குத் தள்ளிவிடும். எங்கள் மனுவுக்கும் அதுதான் நடந்தது. மனுவைப் பிரிக்கும் இடத்தில் “காவிரி” என்ற சொல்லைப் பார்த்ததும் வாரியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து “தொட்டிக்கு முறையாக நீர் வழங்கப்படுகிறது” என்று ஒரு வரி பதில் வந்தது. கணினியில் மனு முடிந்துபோனது. பதில் உண்மைதான், தொட்டிக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

அடுத்த மனுவில் “குடிநீர் வசதி செய்து தர வேண்டும்” என்று எழுதப்பட்டது. அதற்கு வந்த பதில்: “மேற்படி தெருவில் அனைத்து வீடுகளுக்கும் குழாய் இணைப்பு வழங்கப்பட்டுள்ளது.” ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டாயிற்று, பதிவேட்டில் இணைப்பு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது அந்தப் பதிவேட்டில் இல்லை. ஆகவே வசதி கேட்காதீர்கள், இணைப்பு கேட்காதீர்கள். “இணைப்பு உள்ளது. இன்ன இடத்தில் உள்ள வால்வு பழுதானதால் அதற்குக் கிழக்கே உள்ள 23 வீடுகளுக்குப் போதிய நீர் வரவில்லை. வால்வை மாற்றித் தர வேண்டும்” என்று, செய்யவேண்டிய வேலையையே கோரிக்கையாக எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. போகிற போக்கில் தெருவிளக்கு, சாக்கடை, குப்பை என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் சேர்க்காதீர்கள். ஒரு மனு ஒரு துறைக்குத்தான் போகும். விளக்கை மாட்டிவிட்டு “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று முழு மனுவையும் முடித்துவிடுவார்கள். தண்ணீருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. விளக்கிலும் பல்பு ஊராட்சி, கம்பி மின்வாரியம்.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டியதில்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளியும் செல்போனும் போதும். தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் தொட்டிக்கு அருகில் உள்ள வீடு, தெரு நடு, தெருக்கடைசி என்று வாளி நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில், ஒரே முறைத் தண்ணீரில் குறிக்க வேண்டும். இங்கே முதல் வீட்டில் 2 நிமிடம், நடுவில் பள்ளிவாசல் முக்கு வரை ஏறக்குறைய அதே அளவு, முக்கைத் தாண்டிய முதல் வீட்டிலேயே 11 நிமிடம். தூரம் கூடக்கூடத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் அது அழுத்தக் குறைவு, அல்லது வழியில் யாரோ மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். ஒரே இடத்தில் சட்டென்று விழுந்தால் அங்கே வால்வு அல்லது அடைப்பு.

இந்தக் கணக்கை மனுவிலும் எழுதுங்கள். ஜல் ஜீவன் திட்ட அளவு ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம் தண்ணீர் விடும் ஊரில் ஒரு முறைக்கு 550 லிட்டர் கிடைத்தாக வேண்டும். வாளிக்கு 11 நிமிடம் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 110 லிட்டர்கூட இல்லை. மீதியைத்தான் குடம் 10 ரூபாய்க்கும் மேலே கொடுத்து வண்டியில் வாங்கிக்கொண்டிருந்தோம். நிலத்தடி நீர் உப்பாகிப்போன கரையில் வேறு வழி கிடையாது. எண்களைப் பார்த்த பிறகுதான் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்.

மனுவோடு சொத்து வரி ரசீதும் குடிநீர்க் கட்டண ரசீதும் கேட்பார்கள். சட்டத்தில் இருக்கிறதா என்று வாதாடி நேரத்தைப் போக்காதீர்கள். நிலுவை இருந்தால் அதையே சாக்காக வைத்து மனுவை ஓரம் கட்டிவிட முடியும். கிராம ஊராட்சி வரியை இப்போது ஆன்லைனில் கட்டலாம், ரசீதும் உடனே வரும். பழைய வரிவிதிப்பு எண் மட்டும் கையில் இருக்க வேண்டும். ரசீது இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, கட்டியிருந்தால் போதும். கையெழுத்துப் போடுகிறவர் ஒவ்வொருவரும் பெயருக்குப் பக்கத்தில் கதவு எண்ணை எழுதட்டும். “ஒரே வீட்டுக்காரர்களே நாலு பேர் போட்டிருக்கீங்களே” என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் பதிவு எண் போட்ட சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். செல்போன் எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மனு எந்தத் துறைக்குப் போகிறது என்பதை அந்த இடத்திலேயே கேளுங்கள். தவறான துறை என்றால் அப்போதே சொல்லி மாற்றலாம். அன்றைக்கு விட்டால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1100-க்குப் போன் செய்தும் பதியலாம், ஆனால் படமும் வாளிக் கணக்கும் இணைக்க முடியாது. முடித்துவைக்கப்பட்ட மனுவுக்குப் பதிலாகப் புது மனு கொடுத்தால் முதல் வரியிலேயே பழைய எண்ணைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பழைய பதிலையே நகலெடுத்து அனுப்புவார்கள்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். உள்ளூராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்ததிலிருந்து “தலைவர் இல்லையே, யாரிடம் சொல்ல” என்று பலர் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். வராமல் இருக்காதீர்கள். தீர்மானம் போடும் அதிகாரம் சபைக்கு உண்டு, காசோலைக்குக் கையெழுத்துப் போடத் தனி அலுவலரும் இருக்கிறார். தீர்மானம் இல்லாத வேலைக்கு அவர் பணம் ஒதுக்கத் தயங்குவார். தீர்மானம் இருந்தால் அவருக்கும் அது பிடிமானம்.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஆள் குறைந்தால் எந்தத் தீர்மானமும் நிற்காது. கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் கரை திரும்பும் நேரம் பார்த்து ஆள் சேர்க்க வேண்டும். எங்கள் தெருவில் கோரத்தைக் காப்பாற்றியவர்கள் பெண்கள்தான். குடம் சுமப்பவர்கள் அவர்கள், பேசியவர்களும் அவர்களே.

கூட்டத்தில் சத்தம் போடுவதால் எதுவும் பதிவாகாது. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு எழுதும்வரை எழுந்து போகாதீர்கள். எழுதாத வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். “அப்புறம் எழுதிக்கிறேன்க்கா, நீங்க போட்டுட்டுப் போங்க” என்று புத்தகம் வைத்திருந்தவர் சொன்னபோது தெருப் பெண்கள் மறுத்து உட்கார்ந்துவிட்டார்கள். தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டோம், பின்னால் எல்லா இடத்திலும் அந்தப் படம்தான் பேசியது.

பெரிய முட்டுக்கட்டை இனிமேல்தான். “அந்தப் பள்ளிவாசல் முக்கில் வால்வே கிடையாது” என்று ஊராட்சியில் அடித்துச் சொன்னார்கள். வரைபடம் கேட்டால் இல்லை. முன்பு தொட்டி ஆபரேட்டராக இருந்த பெரியவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டதில், “பேவர் பிளாக் போட்டாங்கள்ல தம்பி, அதுக்கு அடியில இருக்கு. அப்பவே சொன்னேன், சேம்பரை உயர்த்திக் கட்டுங்கன்னு” என்றார். சாலை போடுகிற ஒப்பந்தக்காரர்கள் வால்வுத் தொட்டியை உயர்த்தாமல் மூடிவிட்டுப் போவது கடலோர ஊர்களில் நிறைய. உப்பு மண்ணில் சுழல் கம்பி துருப்பிடித்து, பாதி மூடிய நிலையிலேயே இறுகிவிடும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது.

பெரியவர் சொன்னது வாய்ச்சொல்தானே என்று தட்டிக்கழித்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் தண்ணீர் வரவில்லை” என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்புவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். தெருவின் குழாய் வரைபடம், பேவர் பிளாக் வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து பதியும் புத்தகம்) சம்பந்தப்பட்ட பக்கங்கள், சம்ப் மீட்டரின் மாதவாரி அளவு. மதிப்பீட்டின் நகலில் “வால்வு சேம்பர் உயர்த்துதல்” என்று ஒரு வரி இருந்தது. செய்யாத வேலை காகிதத்தில் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் வால்வு இல்லை என்று சொல்லவில்லை.

வேலை சுலபமாகவே முடிந்தது. பிளாக்கைப் பெயர்த்து, 90 மி.மீ. குழாயில் புது 80 மி.மீ. வார்ப்பிரும்பு வால்வு, அதைக் குழாயோடு சேர்க்க இரண்டு பக்கமும் ஃபிளேஞ்சோடு (போல்ட் போடும் வளையம்) டெயில் பீஸ், ரப்பர் வாஷர். இதில் மூன்றை நின்று கவனியுங்கள். போல்ட் நட்டுக்கு கிரீஸ் தடவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் காற்றும் மண்ணும் அடுத்த முறை கழற்றவிடாது. சேம்பரின் மூடி சாலை மட்டத்துக்கே வர வேண்டும். பக்கத்துச் சுவரில் பெயிண்டால் வால்வு இருக்கும் தூரத்தை அடிக்கணக்கில் எழுதிவைக்க வேண்டும்.

தண்ணீர் வந்ததும் மோட்டாரும் வரும். கடைசி வீடு வரை அழுத்தம் கிடைத்த வாரத்திலேயே இரண்டு வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டார் மாட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் குறைகிறது என்பது ஒரு பக்கம். உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, எங்காவது கசிவு இருந்தால் வெளியே நிற்கும் உப்புத் தண்ணீரும் சாக்கடையும் உள்ளே இழுபடும். அதைக் குடிப்பது மோட்டார் போட்டவர் வீட்டுப் பிள்ளையும்தான். இதைச் சொன்னதும் ஒரு வீட்டில் கழற்றினார்கள். இன்னொரு வீட்டுக்கு ஊராட்சி நோட்டீஸ் கேட்டு மனு போயிருக்கிறது.

வால்வு மாற்றிய தெருவில் முதல் இரண்டு முறைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். மண்ணும் துருவும் போகட்டும், துவைக்கப் பயன்படுத்துங்கள். மூன்றாவது முறை ஆபரேட்டரைத் தெருக்கடைசிக் குழாய்க்கு அழைத்து குளோரின் சோதனை செய்யச் சொல்லுங்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியடியில் மட்டும் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் யாரிடமாவது இருந்தால் சம்ப் தண்ணீரையும் வீட்டுத் தண்ணீரையும் ஒரே நாளில் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், வழியில் போர்வெல் தண்ணீரைக் கலக்கிறார்கள் அல்லது குழாய் கசிகிறது என்று பொருள். அதற்குத் தனி மனு எழுத வேண்டும், இதே வாளிக் கணக்கு முறையில்.