டிராப் வழக்கு அப்பீல்: கை சிவந்தது மட்டும் போதாது

லஞ்சம் வாங்கும் அரசு ஊழியரைப் பொறிவைத்துப் பிடித்துப் போடுவது டிராப் வழக்கு. ‘கையும் களவுமாகப் பிடிபட்டார்’ என்று பேப்பரில் வந்துவிட்டால் ஊர் அத்தோடு தீர்ப்பு எழுதிவிடும். ரசாயனம் தடவிய நோட்டு, சோடியம் கார்பனேட் கரைசல், விரலை நனைத்ததும் இளஞ்சிவப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அப்பீலில் முதலில் எழும் கேள்வி வேறு: பணத்தை அவர் கேட்டாரா? நோட்டு கையில் பட்டது என்பதற்கு மேல் அந்த நிறத்தால் எதுவும் சொல்ல முடியாது. நோட்டில் தடவிய ஃபினாப்தலீன் பவுடருக்கு லஞ்சம் எது, கைமாற்றாக வாங்கிய கடன் எது என்று தெரியாது.

பி.ஜெயராஜ் (2014), சத்தியநாராயண மூர்த்தி (2015) ஆகிய இரண்டு தீர்ப்புகளிலும் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. முன்னதில் புகார்தாரர் பிறழ் சாட்சி (முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்தவர்), பின்னதில் அவர் சாட்சி சொல்லும் முன்பே இறந்துவிட்டார். இரண்டிலும் விடுதலை. அதன்பின் ‘புகார்தாரர் இல்லையென்றால் வழக்கே இல்லை’ என்று பலர் நம்பத் தொடங்கினார்கள். 15.12.2022 அன்று நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட்டே ஆக வேண்டும். ஆனால் புகார்தாரர் இறந்தாலும் பிறழ்ந்தாலும் வேறு சாட்சிகள் வழியாகவோ சூழ்நிலைச் சான்றுகள் வழியாகவோ அதை நிரூபிக்கலாம். அரசுத் தரப்பு இந்தப் பத்தியை விடாமல் மேற்கோள் காட்டும். அதே வழக்கு சிறிய அமர்வுக்குத் திரும்பிப் போனபோது, 17.3.2023 அன்று நீரஜ் தத்தாவே விடுதலையானார். கேட்டதற்கான சூழ்நிலைச் சான்று போதவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் அப்பீல் காரணங்களை எழுத உட்காரக் கூடாது.

தமிழ்நாட்டு லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குகளில் பெரும்பாலும் அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) வழக்குத் தொடர அனுமதி அளித்த அதிகாரி, அ.சா.2 புகார்தாரர், அ.சா.3 அவருடன் உள்ளே அனுப்பப்பட்ட வேறு துறை அரசு ஊழியர். வழக்கின் உயிர் அ.சா.3-ஐ அரசுத் தரப்பு வக்கீல் கேட்கும் முதல் விசாரணையில் ஒன்றிரண்டு வரிகளில் இருக்கும். அவர் அறைக்குள் நின்றாரா, வாசலிலா? பேசியது காதில் விழுந்ததா, கை நீட்டியதை மட்டும் பார்த்தாரா? குறுக்கு விசாரணையில் ‘என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருந்தால் அப்பீலின் முதல் காரணம் அதுதான்.

அடுத்து அந்த வார்த்தை. அதிகாரிகள் ‘லஞ்சம் கொடு’ என்று யாரிடமும் கேட்பதில்லை. ‘கொண்டு வந்தீங்களா?’ என்பார்கள். எதை? சாட்சியம் தமிழில் பதிவாகிறது. உயர் நீதிமன்றத்துக்கான டைப்டு செட்டில் (தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பில்) ஆங்கில மொழிபெயர்ப்பு போகிறது. அங்கே அது ‘லஞ்சப் பணத்தைக் கொண்டு வந்தாயா’ என்று மாறிவிட்டால், மூலத்தில் இல்லாத குற்றம் மொழிபெயர்ப்பில் முளைத்துவிடும். பட்டா மாறுதல் வழக்கில் அந்த ‘கொண்டு வந்தீங்களா’ மூலப் பத்திரத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். ஆகவே மூலத் தமிழ் வாக்குமூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே டைப்டு செட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

‘ஃபைல் ஏற்கெனவே தாசில்தாருக்குப் போய்விட்டது, கேட்க வேண்டிய அவசியமே இல்லை’ என்ற வாதத்தைப் பலர் பெரிதாக நம்புகிறார்கள். கேட்டதன் மீது சந்தேகம் எழுப்ப அது உதவும். தனியாக நிற்காது. செய்ய முடியாத வேலைக்குப் பணம் வாங்கினாலும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு பாயும்.

விளக்கம் எப்போது சொல்லப்பட்டது என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. கொடிநாள் நிதி, வீட்டு வரி பாக்கி, திருப்பித் தந்த கடன் என எதுவானாலும் பிடிபட்ட அந்த இடத்திலேயே சொல்லி மகஜரில் (அங்கேயே எழுதப்படும் நடவடிக்கைக் குறிப்பில்) ஏறியிருந்தால், அதை ஏன் விசாரிக்கவில்லை என்று புலனாய்வு அதிகாரியைக் கேட்கலாம். பல ஆண்டு கழித்து, சாட்சியம் பற்றி நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரையே கேட்கும் 313 கேள்வியின்போது (குற்ற நடைமுறைச் சட்டத்தில் முன்பு 313, இப்போது 351) முதல் முறையாகச் சொன்னால் நீதிபதி நம்பத் தயங்குவார். பணம் வாங்கியது நிரூபணமானால் அது லஞ்சமே என்று கொள்ளும் 20-வது பிரிவின் அனுமானத்தை உடைக்கச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நம்பத்தக்க வாய்ப்பைக் காட்டினால் போதும். 2018 திருத்தத்துக்கு முந்தைய வழக்குகளில் அந்த அனுமானம் 13(1)(டி) குற்றத்துக்கு (பதவியைத் தவறாகப் பயன்படுத்திப் பலன் பெறுதல்) கிடையாது. விசாரணை நீதிமன்றங்கள் இதை மறந்து இரண்டு குற்றங்களுக்கும் சேர்த்துப் பொருத்திவிடுவது உண்டு.

வழக்குத் தொடர அளித்த அனுமதி ஆணையில் உள்ள ஓட்டையை நம்பி அப்பீல் போடுவது எனக்கு உடன்பாடில்லை. பிழையால் நீதி தவறியது என்று காட்டினால்தான் 19(3)-இல் பயன். அனுமதி செல்லாது என்றே ஆனாலும், நஞ்சப்பா (2015) தீர்ப்புப்படி, புதிய அனுமதியோடு வழக்கு மறுபடி வரலாம்.

காலக்கெடு, உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெற ஆன நாட்கள் கழியும். 16.1.2014-க்குப் பிந்தைய குற்றமானால் 7-வது பிரிவில் குறைந்தது 3 ஆண்டு, 13(1) குற்றத்துக்கு 13(2)-இல் குறைந்தது 4 ஆண்டு. ஜாமீனில் இருந்தவருக்கு 3 ஆண்டுக்கு மேற்படாத தண்டனை என்றால், அப்பீல் போடுவதற்காக விசாரணை நீதிமன்றமே தண்டனையை நிறுத்தி வைக்கலாம். 4 ஆண்டு என்றால் அன்றே சிறை. உயர் நீதிமன்றத்தில்தான் மனு (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 389, இப்போதைய சட்டத்தில் 430).

தண்டனை நிறுத்தப்பட்டால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். அதை வைத்தே, துறை விசாரணை இல்லாமல், அரசியலமைப்பின் 311(2) விதிவிலக்கின்படி பணிநீக்கம் செய்யலாம். அந்தத் தீர்ப்பையே நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டால் கே.சி.சரீன் (2001) தீர்ப்பு குறுக்கே நிற்கும். ஊழல் வழக்கில் அரசு ஊழியருக்கு அது கிடைப்பது அபூர்வம்.

அப்பீல் பல ஆண்டுகள் கிடக்கும். இடையில் அப்பீல்தாரர் இறந்தால் சிறைத் தண்டனைக்கு எதிரான அப்பீல் அற்றுப்போகும். மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் யாராவது 30 நாளுக்குள் அனுமதி கேட்டால் அதைத் தொடர்ந்து நடத்தலாம் (முன்பு 394, இப்போது 435). துக்க வீட்டில் இதை யாரும் நினைப்பதில்லை. வக்கீல்தான் போன் செய்து சொல்ல வேண்டும்.