திரையில் 52

“சார், இவர் கண்ணில் தண்ணீர் வடியுது. நாடித் துடிப்பு 90-லிருந்து 118 ஆயிடுச்சு. மிடாசோலம் கொஞ்சம் கூட்டலாமா?” என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் அதிகாலை மூன்று மணிக்குச் செவிலியர் கேட்டார். நான் நோயாளியின் முகத்தைப் பார்க்கும் முன் திரையைப் பார்த்தேன். நெற்றிப் பட்டை தந்த பிஸ் எண் 52. மயக்கத்தின் ஆழத்தை மூளை அலைகளிலிருந்து கணிக்கும் எண் அது; குறையக் குறைய மயக்கம் ஆழம், 40 முதல் 60 வரை போதுமான ஆழம் என்று கொள்வோம். “40-க்கும் 60-க்கும் நடுவில்தானே இருக்கிறது, சிஸ்டர்? இப்போது வேண்டாம்” என்றேன். அவர் பதில் பேசாமல் பஞ்சை எடுத்து நோயாளியின் கண்களைத் துடைத்தார்.

அந்த முடிவுக்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தது, மிடாசோலம் என்ற மயக்க மருந்தைக் கூட்டினால் ரத்த அழுத்தம் மேலும் சரியும். காய்ச்சலாலும் துடிப்பு ஏறும். கண்ணில் வடிந்தது, வறட்சிக்காக இட்ட களிம்பு உருகியதாகவும் இருக்கலாம். இவை எல்லாம் உண்மையே. ஆனால் அன்று என்னைத் தீர்மானிக்க வைத்தவை இவையல்ல, அந்த எண்தான்.

அட்ராகியூரியத்தால் தசைகள் முழுவதும் தளர்ந்த ஒருவரிடம், கூப்பிட்டால் விழிக்கிறாரா என்று சோதிக்கும் ராஸ் அளவுகோல் பயன்படாது. அதனால்தான் அந்தக் கருவியையே வைத்திருந்தோம். ஆனால் நெற்றித் தசையின் மின்னோட்டமும் மூளை அலைகளோடு கலந்து அந்த எண்ணை உயர்த்தும் என்பதையும், தசை ஓய்ந்தால் மூளை உறங்காமலே எண் இறங்கக்கூடும் என்பதையும் நான் அறிவேன். மயக்க மருந்தே இல்லாமல், முழு விழிப்பில் இருந்த 10 தன்னார்வலர்களுக்குத் தசைத் தளர்த்தி மட்டும் கொடுத்தபோது எண் 60-க்குக் கீழே போனதாக 2015-இல் வெளியான ஆய்வைப் படித்திருந்தேன். படித்திருந்தும் 52-ஐ நம்பினேன். அதே திரையில் மூளை அலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நின்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெளிந்திருக்குமா என்பது ஐயமே, ஏனெனில் விழிப்பில் தெரிவது போன்ற வேக அலைகளை மிடாசோலமே எழுப்பக்கூடியது.

அவர் பிழைத்தார். வார்டுக்கு மாறிய பிறகு ஒருநாள், “யாரோ என் கண்ணைத் துடைச்சாங்க, நான் பேசப் பார்த்தேன், முடியலை” என்றார். தளர்த்தியை நிறுத்திய பின்னும் பல நாள் தொண்டையில் குழாயோடு அரைமயக்கத்தில் கிடந்தவர் அவர்; ஒவ்வொரு ஷிப்டிலும் கண்ணைத் துடைப்பார்கள். அந்த நாட்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன். அப்போது வேறு என்ன கேட்டது, யார் பேசினார்கள் என்று அவரிடம் நான் விசாரிக்கவில்லை. அவசர வேலை எதுவும் அன்று இல்லை. அரை மணி நேரம் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.