பெஞ்சில் திறந்த பால் வால்வு, லைனில் ஏன் திறக்கவில்லை?

மணலியில் ஒரு நைட்ரஜன் லைன். 4 இஞ்ச், கிளாஸ் 150 (பிரஷர் தரம்), ஃப்ளோட்டிங் பால் வால்வு, அதாவது உள்ளே துளையுள்ள உருண்டை (பால்) இரண்டு சீட்டுகளுக்கு நடுவே மிதக்கும் வகை, டெஃப்ளான் சீட். மேலே வால்வைத் திருப்பும் ஸ்பிரிங் ரிட்டர்ன் ஆக்சுவேட்டர்: ஏர் திறக்கும், ஏர் போனால் ஸ்பிரிங் மூடும். அம்பத்தூர் பட்டறையில் பெஞ்சில் வைத்துப் பார்த்தபோது சட்டென்று திறந்தது. லைனில் ஏற்றி, சில வாரம் மூடியே கிடந்தபின் திறக்கச் சொன்னால் அசையவே இல்லை. சப்ளையரின் பதில்: "பெஞ்ச்ல ஓகே சார், உங்க ஏர்லதான் பிரச்சினை."

அது பாதி உண்மைதான். டேட்டா ஷீட்டில் இருந்தது ஒரே வரி: டார்க் (வால்வைத் திருப்பத் தேவையான முறுக்கு விசை) 120 நியூட்டன் மீட்டர். எந்தப் பிரஷரில், எந்த மீடியத்தில், திறக்கவா மூடவா என்று ஒன்றுமில்லை. "கேட்லாக்லயே இருக்கு சார்" என்பதைத் தாண்டி முழு ஷீட்டை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வந்தபின் விஷயம் தெளிவு: முழு பிரஷரில் தண்ணீர் வைத்து எடுத்த எண்கள், திறக்க 120, மூடி முடிக்க 95.

இனி கணக்கு. ஆக்சுவேட்டரின் ஏர் டார்க் 5.5 பாரில் 220. திறக்கத் தொடங்கும்போது எதிர்க்கும் ஸ்பிரிங் 75. மிச்சம் 145. பட்டறை கம்ப்ரசருக்கு இது போதும், அதுவும் வால்வுக்குள் பிரஷரே இல்லாதபோது. பிளான்ட்டில் ஏர் 4 பாருக்கு இறங்கும்; 220 அங்கே 160, ஸ்பிரிங் போக 85. எப்படித் திறக்கும்? அதைவிட மோசம், மூட 95 வேண்டிய இடத்தில் ஸ்பிரிங்கின் கடைசி டார்க் 75தான். அவசரத்தில் முழுசாக மூடாத வால்வு, திறக்காத வால்வைவிட ஆபத்து. இதை யாரும் கவனிக்கவில்லை.

120 என்பதும் நிஜத்தில் 120 இல்லை. காய்ந்த கேஸில் தண்ணீரின் வழுவழுப்பு கிடையாது. நாட்கணக்கில் மூடிக் கிடந்தால் டெஃப்ளான் பாலோடு அழுந்திப் படிந்துவிடும், முதல் அசைவு கடினமாகும். ஃப்ளோட்டிங் வகையில் லைன் பிரஷர் பாலையே பின்பக்க சீட்டில் தள்ளுவதால், ஓடும் பிரஷரை அல்ல, மூடிய நிலையில் வரக்கூடிய அதிகபட்ச வித்தியாசத்தைக் கொடுத்துக் கேளுங்கள். டிரன்னியன் என்ற இன்னொரு வகையில் பாலைப் பேரிங் தாங்குவதால் இந்தத் தொல்லை குறைவு.

அதனால் 120-க்கு 1.3 மடங்கு வைத்து 156 கேட்டோம். 5.5 பாரில் 440 தரும் அடுத்த சைஸில், 4 பாரில் 320. ஸ்பிரிங் 130 போக 190 நிற்கிறது. மூடவும் 130 போதும். ஆனால் பெரிய சைஸ் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்: 5.5 பாரில் அது 310 தள்ளும். ஸ்டெம் (பாலைத் திருப்பும் தண்டு) அதைத் தாங்குமா என்று எழுத்தில் வாங்க வேண்டும். வால்வையும் ஆக்சுவேட்டரையும் இணைக்கும் பழைய பிராக்கெட் எஃப்07 சைஸ், இணைப்புக்கான தரநிலை ஐஎஸ்ஓ 5211 அதற்கு விதிக்கும் வரம்பு 250. ஆகவே எஃப்10 பிராக்கெட், புது கப்ளிங், கூடுதல் காத்திருப்பு.

பர்ச்சேஸ் ஆர்டரில் சீட் மெட்டீரியலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஸ்டோர்ஸில் 'அதே சைஸ்தானே' என்று பீக் (டெஃப்ளானைவிடக் கடினமான பிளாஸ்டிக்) சீட் கிட் வந்தால் டார்க் எகிறும், இந்தக் கணக்கு செல்லாது. ஸ்டெம்மைச் சுற்றிப் பேக்கிங்கை அழுத்திக் கசிவைத் தடுக்கும் கிளாண்டும் அப்படித்தான். கசிவு என்று ஃபிட்டர் ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போனால், குறிப்பாக கிராஃபைட் பேக்கிங்கில், ஸ்டெம் கனக்கும். ஆக்சுவேட்டரைக் கழற்றி, கிளாண்ட் இறுக்கிய நிலையில் ஸ்டெம்மில் டார்க் ரெஞ்ச் போட்டு எண்ணைப் பாருங்கள்.