துணி டாப் வண்டிக்கு உப்புத் தண்ணி ஆகாது

தோட்டத்துக்கும் வால்பாறை எஸ்டேட்டுக்கும் ஓடுகிற பழைய மஹிந்திரா ஜீப், 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி, 2020-இல் வந்த புது மஹிந்திரா தார், அவிநாசி ரோட்டில் எப்போதாவது கண்ணில் படும் மினி கூப்பர் கன்வர்ட்டிபிள் (டாப்பை மடக்கித் திறக்கிற கார்) என்று நம்ம பக்கம் துணி டாப் வண்டிக்குக் குறைவில்லை. டாப் வெளுத்துப் போனாலோ ஒழுகினாலோ வெயிலைத்தான் எல்லாரும் குறை சொல்வோம். வெயில் மட்டும் காரணம் இல்லைங்க. போர் தண்ணியில் கழுவுவது, சோப்பை முழுசாக அலசாமல் விடுவது, ஈரத்தோடு மடக்குவது, இந்த மூன்றும் சேர்ந்து நல்ல டாப்பையும் சீக்கிரம் வீணாக்கிவிடும்.

கழுவும் முன் அது என்ன துணி என்று பார்த்துக்கொள்ளுங்க. வெளிப்பக்கம் நூல் நெசவே தெரியாமல் தோல் மாதிரி வழவழப்பாக இருந்தால் ரெக்சின், அதாவது துணிமேல் பி.வி.சி. பூச்சு. நெசவு தெரிந்து, உள்பக்கம் வேறொரு லைனிங் துணி இருந்தால் அது பெரும்பாலும் மூன்றடுக்குத் துணி: வெளியே அக்ரிலிக் அல்லது பாலியஸ்டர், நடுவில் ரப்பர், உள்ளே லைனிங். விலை கூடின கன்வர்ட்டிபிள்களில் இதுதான் இருக்கும். நனைந்தால் சாக்கு வாசம் அடிக்கிற கெட்டித் துணி என்றால் அது பருத்தி கேன்வாஸ். பருத்தி நூல் நனைந்ததும் உப்பி இண்டு இடுக்கை அடைத்துக்கொள்ளும். பழைய ஜீப் டாப் முதல் தூறலில் லேசாகக் கசிந்து, பெருமழையில் நின்றுவிடுவது அதனால்தான். மூன்றுக்கும் கழுவுகிற முறை ஏறத்தாழ ஒன்று. கழுவின பின் அடிக்கிற மருந்துதான் வேறு வேறு.

இப்போது தண்ணி. பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கம் போர் தண்ணி எவ்வளவு உப்பு என்று சொல்லத் தேவையில்லை. பக்கெட்டின் உள்விளிம்பில் படிகிற அந்த வெள்ளைப் படிவம்தான் கறுப்பு டாப்பிலும் படிகிறது. கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். துணியில் அது நூலுக்கு இடையில் உட்கார்ந்துகொள்ளும். டாப்பை ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் அந்த உப்புத் துகள் நூலை உரசும். தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்தான். 500-க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணியில் கடைசி அலசல் வேண்டாம். சோப்புப் போடுவதும் முதல் இரண்டு அலசலும் போர் தண்ணியில் இருக்கட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் சிறுவாணி அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணியோ, பிடித்து வைத்த மழைத் தண்ணியோ 15 லிட்டர் ஒதுக்குங்க. இரண்டும் இல்லையென்றால் ஏ.சி. அவுட்லெட்டுக்கு அடியில் ஒரு கேன் வையுங்க. காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு இருக்காது.

நனைக்கும் முன் தூசியை எடுத்தாக வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். செம்மண் தூசி மேல் நேராகத் தண்ணி அடித்தால் அது குழம்பாகி நெசவுக்குள் இறங்கும், அப்புறம் எத்தனை தேய்த்தாலும் ஒரு பழுப்பு நிழல் நிற்கும். மெத்தென்ற பிரஷ்ஷால் முன்னிருந்து பின்னாகத் தள்ளி, தையல் ஓரங்களை வேக்குவம் கிளீனரில் உறிஞ்சி எடுங்க. ஸ்பின்னிங் மில் பக்கம் நிறுத்துகிற வண்டியில் பஞ்சுத் தூசி ஒட்டிக்கிடக்கும். அது தண்ணி பட்டால் திரித்திரியாகச் சுருளும், அதனால் காய்ந்திருக்கும்போதே அகல பேக்கிங் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிடுவது நல்லது.

கழுவும் நேரம் காலை ஏழு மணி. கை வைத்தால் சுடுகிற டாப்பில் சோப்பு ஊற்றினால் நுரை அங்கேயே காய்ந்து திட்டாகும். சாயங்காலம் கழுவினால் காய நேரம் கிடைக்காது.

டாப்பை முழுசாக மூடிப் பூட்டி, நிழலில் நிறுத்தி, ஹோஸில் லேசாக நனையுங்க. 5 லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி நியூட்ரல் (அமிலமோ காரமோ இல்லாத) கார் ஷாம்பு போதும். துணி சோப்புத் தூள், பாத்திர லிக்விட் இரண்டும் வேண்டாம். அவற்றின் எண்ணெய் நீக்கும் குணம் டாப்பில் தண்ணி ஒட்டாமல் இருக்க அடித்திருக்கும் நீர்விலக்கி மருந்தையும் சேர்த்து நீக்கிவிடும். பிரஷ் குதிரைமுடி மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். ஷூ பாலிஷ் போடுகிற பிரஷ் புதிதாக ஒன்று வாங்கினாலும் சரிதான். துணி துவைக்கிற பிளாஸ்டிக் பிரஷ் நூலைப் பிசிறாக்கும், பிசிறான இடம் மறுபடி அழுக்கைப் பிடிக்கும். ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி எடுத்துக்கொண்டு, நெசவு போகும் திசையில் நீளவாக்கில் தேயுங்க. வட்டமாகத் தேய்த்தால் அந்த வட்டம் காய்ந்த பின் வெயிலில் தெரியும்.

அலசுவதற்கு அவசரமே கூடாது. நுரை நின்ற பிறகும் துணிக்குள் சோப்பு இருக்கும். உள்ளங்கையைத் துணிமேல் அழுத்தி எடுங்க. கை வழுக்கினாலோ விரலிடுக்கில் குமிழி வந்தாலோ இன்னும் ஒரு அலசு. மிச்சமிருக்கும் சோப்பு மழை பட்டதும் தண்ணியை உள்ளே இழுத்துவிடும். புது நீர்விலக்கி அடித்தும் டாப் நனைகிறது என்று மருந்தைக் குறை சொல்கிற பல இடங்களில் கோளாறு இந்த அலசலில்தான் இருக்கும்.

வாட்டர் சர்வீஸில் விடுவதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்க. தண்ணி பீய்ச்சுகிற கன்னை ஒன்றரை அடிக்குக் கிட்டே கொண்டுவர விடாதீங்க, தையல் மேலும் பின் கண்ணாடி விளிம்பிலும் நேராக அடிக்க விடாதீங்க. அடிப்பக்கத்துக்கு அடிக்கிற டீசல் டாப் மேல் தெறிக்கக் கூடாது, அது ரப்பர் அடுக்கை ஊற வைத்துப் பிரித்துவிடும். கறை எடுக்க மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதும் இதே கேடுதான்.

கறைகளில் நம்ம ஊர் மரங்கள் தருவது தனி ரகம். மாமரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி சொட்டுகிற இனிப்புப் பிசின் டாப்பில் படிந்து, அதன் மேல் கரும்பூசணம் வளரும். வெதுவெதுப்பான தண்ணியில் ஷாம்பு கலந்து, பழைய டவலை நனைத்து அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் கரைந்து வரும். சுரண்டக் கூடாது. வேப்பம்பழம் விழும் காலத்தில் காக்கையும் மைனாவும் கொட்டையோடு போடுகிற எச்சத்துக்கும் இதே ஈரத்துண்டு வைத்தியம்தான்.

வெள்ளை உப்புத் திட்டுக்கு மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு கலந்து ஒற்றி, ஐந்து நிமிஷம் விட்டு அலசுங்க. பூஞ்சைப் புள்ளிக்கு வினிகரும் தண்ணியும் சமபங்கு, இருபது நிமிஷம். பூஞ்சை அக்ரிலிக் நூலைத் தின்னாது, அதில் படிந்த அழுக்கைத்தான் தின்னும். பருத்தி கேன்வாஸ் என்றால் நூலையே தின்றுவிடும், அதனால் பழைய ஜீப்பில் புள்ளி தெரிந்த அன்றைக்கே கவனியுங்க. பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே வேண்டாம், தையல் நூலை அது அரித்துவிடும்.

காய வைக்க மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, காற்றோட்டமான நிழலில் மூன்று நாலு மணி நேரம் விடுங்க. மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் தையல் மடிப்பில் ஈரம் நிற்கும், அங்கே டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்க. அது உலர்ந்து வந்த பிறகே மடக்கலாம்.

நீர்விலக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கை தண்ணியைத் தெளித்தால் போதும். சேம்பு இலை மேல் நிற்பது போல முத்து முத்தாக நின்று உருண்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். தட்டையாகப் பரவி, ஒரு நிமிஷத்தில் அந்த இடம் கருத்து இருண்டால் மருந்து போய்விட்டது என்று அர்த்தம். அக்ரிலிக் துணிக்கு ஃபுளோரோபாலிமர் ஸ்ப்ரே, பருத்தி கேன்வாஸுக்கு மெழுகு சேர்ந்தது, ரெக்சினுக்கு வெயிலின் யு.வி. கதிரைத் தடுக்கிற, நீர் அடிப்படையிலான மருந்து. ரெக்சினில் பளபளப்புக்கு எண்ணெய் கலந்த டேஷ்போர்டு பாலிஷ் போடாதீங்க. பி.வி.சி.யை மெத்தென்று வைத்திருக்கும் சரக்கு அதோடு வெளியேறி, ரெக்சின் விறைத்து மடிப்பில் வெடிக்கும்.

ஸ்ப்ரே அடிக்கும் முன் கண்ணாடி, பெயின்ட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. டாப் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும். சாதாரண அளவு டாப்புக்கு அரை லிட்டர் கையில் இருக்கட்டும். கெட்டியாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு கோட் நல்லது, தையல் மேல் மட்டும் மூன்று. அதன் பின் 24 மணி நேரம் தண்ணியோ பனியோ படாமல் உள்ளே நிறுத்துங்க. ஆடிக் காற்று அடிக்கும்போது இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவரும் தூசி முழுக்க ஈர மருந்தில் ஒட்டும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு நல்ல வெயில் நாள் இதற்குத் தோது. அதே ஆடிக் காற்றில் தூசி படிந்த டாப் மேல் கவர் போட்டால், கவர் படபடத்து உப்புத்தாள் வேலை செய்யும்.

பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடியைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. தண்ணி ஓட விட்டு, விரலால் தடவி மண் போனபின் மைக்ரோஃபைபர். அமோனியா உள்ள கண்ணாடி ஸ்ப்ரே அதை மங்கலாக்கும். மடக்கும்போது நடுவில் ஒரு மெத்தென்ற டவல் வையுங்க. ஊட்டி, கோத்தகிரியில் விடியற்காலைக் குளிரில் அந்த பிளாஸ்டிக் விறைத்திருக்கும், மடக்கினால் கீறல் விழும். வெயில் ஏறட்டும்.

டாப்பில் இருக்கும் ஜிப்பின் பல்லில் மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்து, வெள்ளை மெழுகுவத்தியைத் தேய்த்து விடுங்க. கிரீஸ் போட்டால் மண் ஒட்டும். கதவு ரப்பருக்கு சிலிகான் ஸ்ப்ரே மட்டும். தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் ரப்பரை உப்ப வைக்கும்.

தையல் விட்டிருந்தால் குஷன் கடையில் சொல்லும்போது இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்க. நூல் வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூலாக இருக்க வேண்டும், சாதாரணப் பருத்தி நூல் அழுகிவிடும். தையல் ஒரு இஞ்சுக்கு ஆறு ஏழுக்கு மேல் போகக் கூடாது. நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைத்துச் சின்னச் சின்னதாகப் போடுவார்கள். அத்தனை ஊசி ஓட்டையும் சேர்ந்து அந்த வரி காலண்டர் தாள் மாதிரி ஒரே இழுப்பில் கிழியும். புதுத் தையல் மேல் உள்பக்கமாக, ஊசி ஓட்டையை அடைக்கிற சீம் சீலர் ஒரு கோட் போடச் சொல்லுங்க.

உள்ளே கார்ப்பெட் நனைந்திருந்தால் உடனே டாப்பை மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். கன்வர்ட்டிபிள் கார்களில் டாப்பிலிருந்து வழிகிற தண்ணி இறங்க ஓரங்களில் வடிகால் ஓட்டைகள் உண்டு, வேப்பிலையும் சருகும் அங்கேதான் போய் அடைக்கும். டாப்பைப் பாதி திறந்து, ஒவ்வொரு பக்கமும் அரை லிட்டர் தண்ணியை மெதுவாக ஊற்றுங்க. சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் அது ஒழுகி வர வேண்டும். வரவில்லையென்றால் புல் வெட்டுகிற மெஷினின் நைலான் கயிற்றை முனை மழுக்கி உள்ளே விட்டு ஆட்டுங்க. கம்பி விட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் கிழிந்து, தண்ணி நேராகக் கார்ப்பெட்டுக்கே இறங்கும்.