காப்பகச் செலவு யார் கணக்கில்?

பணியாளர் நிர்வாகத்தில் நெடுங்காலம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண்கள் உடனே வேலையை விட்டுவிடுவதில்லை. சில மாதங்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்கு உடல்நிலை தளரும்போதோ, அதற்கென அமர்த்தியவர் சொல்லாமல் நின்றுவிடும்போதோதான் ராஜினாமாக் கடிதம் வருகிறது. இந்தக் காரணத்துக்காக என் மேசைக்கு வந்த கடிதங்களில் ஒன்றுகூடக் குழந்தையின் தந்தை எழுதியதல்ல.

விலகுவதற்கு முன் அவர்கள் என்னிடம் சொல்லும் கணக்கு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தனியார் குழந்தைகள் காப்பகத்தின் கட்டணத்தைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்துப் பார்க்கிறார்கள். கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் கூட்டி அதிலிருந்து கழிப்பவர்கள் அரிது. மிச்சம் சொற்பம் என்று தெரிந்ததும் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பணி மூப்பு, பதவி உயர்வு, பிற்கால ஓய்வூதியம் எதுவும் அந்தக் கழித்தலுக்குள் வருவதில்லை.

நிறுவனங்களே காப்பகம் நடத்தட்டும் என்பது பலரும் முதலில் சொல்லும் தீர்வு. சிலி நாட்டின் தொழிலாளர் சட்டம் 20 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் நிறுவனம் காப்பகச் செலவை ஏற்க வேண்டும் என்று விதித்தது. நோக்கம் நல்லதுதான், ஆனால் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு, 20ஆவது பெண்ணின் விண்ணப்பம் எந்தக் கண்ணோடு பார்க்கப்படும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் செலவின் ஒரு பகுதி பெண்களின் தொடக்கச் சம்பளத்திலேயே கழிந்ததை ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியவர்கள் இதைத் தவிர்த்தார்கள்: பெண்களை மட்டும் எண்ணாமல், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம் என்று வரையறுத்தார்கள். இருந்தும், காப்பகத்துக்கு நாளுக்கு 4 முறை சென்றுவரும் அனுமதி தாய்க்கு மட்டுமே தரப்பட்டது. தந்தை அதே கட்டடத்தில் வேலை பார்த்தாலும் அந்த ஏற்பாட்டில் அவருக்கு இடமில்லை. 50க்கும் குறைவானோர் பணிபுரியும் இடங்களும், முறைசாராத் தொழில்களும் இதற்கு வெளியேதான்.

ஆகவேதான் காப்பகத்தை முதலாளியின் சலுகையாக வைக்காமல், பள்ளிக்கூடத்தைப் போல அரசின் பொறுப்பாக்க வேண்டும் என்று கருதுகிறேன். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கியது. அதன்பின் சிறு குழந்தைகளின் தாய்மார் வேலைக்குச் செல்வது கணிசமாக உயர்ந்தது. வேகமாக விரிந்ததால் தரம் எங்கும் ஒன்றுபோல் அமையவில்லை என்ற விமர்சனமும் நியாயமானதே. ஜெர்மனி 2013 ஆகஸ்ட் முதல், ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடத்தைச் சட்ட உரிமையாக்கியது. இடம் கிடைக்காததால் குறித்த நாளில் பணிக்குத் திரும்ப முடியாத லைப்சிக் நகரத் தாய்மார் சிலர் வழக்குத் தொடுத்தபோது, இழந்த வருமானத்துக்கு அவர்கள் இழப்பீடு கோரலாம் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. உரிமை என்று எழுதிவைத்தால் அதைத் தராதபோது யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். சலுகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இடம் கிடைத்தாலும் நேரம் பொருந்த வேண்டும். மாலை வேலை முடியும் முன்பே மூடிவிடும் காப்பகம், இருவரில் ஒருவரை முன்னதாகக் கிளம்பச் சொல்கிறது. அந்த ஒருவர் யார் என்பதை வருகைப் பதிவேட்டிலேயே பார்த்துவிடலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அழைக்கப்படுவதும் பெரும்பாலும் தாயின் எண்தான். இத்தனைக்கும் நடுவே, அந்தக் காப்பகங்களில் குறைந்த சம்பளத்துக்குப் பணியாற்றுபவர்களும் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் பெண்களே. அவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் தங்கள் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வருகிறார்கள் என்ற கேள்வியை, நான் பார்த்த எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் கண்டதில்லை.