போல்ட்ட யாரு இறக்குவா?

பேண்ட்சான்னா பலகை வெட்டுற பட்டை ரம்ப மெஷின், அதுக்கு அடியில வீல் வெச்ச ஃபிரேம் அடிச்சது நான்தான். சிங்கப்பூர் சுங்கை காடுட்ல இருக்கிற சின்ன யூனிட்ல வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், லோரி பின்னாடி வந்துச்சுன்னா மெஷின ஓரங்கட்டியே ஆகணும், அதனால வீல் வேணும்ங்கிறதுல யாருக்கும் சண்டை இல்ல.

50க்கு 50 மில்லி ஹாலோ, அதாவது சதுர இரும்புக் குழாய், 3 மில்லி தடிமன். மொதல்ல டேக், அதாவது சின்னப் பொட்டு வெல்ட் மட்டும் வெச்சு ரெண்டு டயகனலையும் அளந்துட்டு, எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தித்தான் முழு வெல்ட் ஓட்டுனோம், ஒரே பக்கமா ஓட்டுனா சூட்டுல முறுக்கிக்கும். தரை சமமா இல்லன்னா நாலு வீல்ல மூணுதான் பாரம் தாங்கும், அதனால மொத்த எடைய மூணால வகுத்து வீல் எடுத்தேன். முன்னாடி ரெண்டுல பிரேக். அதோட நாலு மூலையிலயும் நட்டு வெல்ட் பண்ணி 12 மில்லி போல்ட் விட்டேன், வெட்டுறப்ப அத இறக்கிட்டா வீல் தரையில படாது, மெஷின் போல்ட்டுமேல நிக்கும்.

வெல்டிங் அண்ணன் குந்தி உக்காந்து ஸ்பேனர்ல ஒரு போல்ட்ட மெதுவா இறக்கிப் பாத்தாரு. வெல்டிங் பிசிறு அடிச்சிருந்ததால மரை கரகரன்னு போச்சு. "தம்பி, ஒவ்வொரு தடவையும் நாலையும் இறக்கி ஏத்தணும், எவன் செய்வான்? நாலுமே ஃபுல் லாக் வீல் போடு, சுத்துறது திரும்புறது ரெண்டையும் பூட்டிரும், கால்ல மிதிச்சுட்டுப் போயிடுவான்"னாரு. "சாதா பிரேக்கா இருந்தா வீலோட தலை ஆடும்ணே, ஃபுல் லாக்லயும் கொஞ்சம் அசைவு இருக்கும், 14 இன்ச் பேண்ட்சா, மேல கனம், நீளப் பலகைய தள்ளுறப்ப அசைஞ்சா விரல் என்னாகும்?"னேன். அதுக்கு அவரு, "நீ மெஷினப் பாக்குற, தள்ளுறவன பாக்கல"ன்னுட்டு ஹெல்மெட்ட இறக்கிட்டாரு.

அதுதான் இன்னும் உறுத்துது. நான் தள்ளுறவனுக்காகத்தானே போல்ட் வெச்சேன்!

அப்புறம் ஒருநாள் நம்ம தம்பி ஒருத்தன் போல்ட்ட இறக்காமலே வெட்டிக்கிட்டிருந்தான். கேட்டா "சின்ன பீஸ்தானண்ணே"ங்கிறான். ஒண்ணும் ஆகல. அண்ணனும் பாத்தாரு, ஒரு வார்த்தை பேசல, பேசியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு ஓடியிருக்காது.

சேஃப்டி கோர்ஸ்ல சொல்லிக்குடுக்கிறதே அதுதான், ஆபத்த முதல்ல மெஷின்லயே கொறைக்கணும், ஆளுக்கு எச்சரிக்கை சொல்றதெல்லாம் அதுக்குக் கீழதான். அப்படிப் பாத்தா என் போல்ட்டு எதுல சேரும்? இரும்புல இருக்கு, ஆனா ஒருத்தன் குனிஞ்சு இறக்குனாத்தான் வேலை செய்யும். அப்ப அதுவும் ஆளோட பழக்கத்த நம்புறதுதானே. அதுக்காக அசையுற மெஷின்ல வெட்டுன்னு விட்டுரவும் முடியாது, இறக்குனப்ப அது எவ்வளவு கெட்டியா நிக்குதுன்னு நானே தள்ளிப் பாத்திருக்கேன்.

இப்ப பெடல் மாதிரி ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன், ஒரே மிதியில வீல் மேல ஏறி மெஷின் கீழ உக்காரணும். படத்த அண்ணன்கிட்ட நீட்டுனேன். "என்கிட்ட ஏன் காட்டுற, அந்தத் தம்பிகிட்ட காட்டு"ன்னாரு. காட்டுறேன்னு சொல்லியிருக்கேன், ஆனா அதுவரைக்கும் போல்ட்ட கழட்ட விடமாட்டேன்னும் சொல்லிட்டேன்.