பக்கத்து பெஞ்ச்காரர்கள்

4.12, 2.05, 1.26. கரிம வேதியியல் ஆய்வகத்தில் ஓரிரு வருடம் குப்பை கொட்டிய யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று எண்களும் என்னவென்று சொல்லிவிடுவார்கள். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் நிறமாலையில் இந்த இடங்களில் கோடு எழும்பினால் அது எத்தில் அசிட்டேட். பொருளைச் சிலிக்காவில் பிரித்தெடுக்க ஊற்றிய கரைப்பான் இன்னும் முழுதாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு அது தெரியாது. எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்போது என்எம்ஆர் கருவி கிடையாது. சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் என்ற கருவி மையத்துக்கு மாதிரிகளை அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். எனக்கு முதன்முதலாக வந்த தாள்களில் இருக்கவேண்டிய கோடுகளோடு இருக்கக் கூடாத கோடுகளும் இருந்தன. என் ஆய்வை வழிநடத்தவேண்டிய கைடு, பல்கலைக்கழகங்களுக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவின் வருகைக்கான கோப்புகளில் மூழ்கியிருந்தார். பக்கத்து பெஞ்சில் இருந்த சீனியர் அக்கா தாளை வாங்கி, பேனா முனையால் மூன்று இடங்களில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டார். “இது மூணும் எத்தில் அசிட்டேட்டு பாப்பா. சாம்பிளை ராத்திரி வேக்யூம் பம்புல போட்டு வை, அது போயிடும். மத்ததெல்லாம் உன்னோடதுதான்.”

ஆய்வு மாணவர்களுக்கு ஊக்கம் கொடுப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் ஞாபகம் வரும். “கவலைப்படாதே, உன்னால் முடியும்” என்று வீட்டிலும் சொல்வார்கள், பட்டமளிப்பு விழா மேடையிலும் சொல்வார்கள். “பம்பில் போடு” என்று சொல்ல, அதே வேலையைச் செய்து அதே இடத்தில் மாட்டிக்கொண்ட ஒருவர் வேண்டும். நான் பார்த்தவரை, ஒரு ஸ்காலரைத் தூக்கி நிறுத்துவது இந்த இரண்டாவது வகைப் பேச்சுதான்.

நான் பிஎச்.டி.யில் சேர்ந்தது 2014-இல். முழுநேர ஸ்காலரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு நான் “காலேஜுக்குப் போறேன்”. சொந்தக்காரர்களுக்கு “இன்னும் படிக்கிறா”. ஆய்வுக் குழு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூடி, பதினைந்து ஸ்லைடு பார்த்து, “பிராக்ரஸ் இஸ் சாட்டிஸ்ஃபேக்டரி” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மிக்சர் சாப்பிடும். கைடுக்கு முடிவு தெரியும். முடிவுக்கு வர நான் எத்தனை குடுவை கழுவினேன் என்று தெரியாது. காலையில் வைத்த வேதிவினை மாலையில் கறுத்துப்போய்த் தாராக நின்றதைப் பார்த்தவர் பக்கத்து பெஞ்ச்காரர் ஒருவர்தான். அவர் பார்த்தார் என்பதே பாதி ஆறுதல்.

எங்கள் விடுதி விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் விடுதியின் கதவு இரவு எட்டரைக்கு மூடப்படும். ஆண்களுக்கு நேரக் கணக்கு இல்லை. பதினான்கு மணி நேரம் ஓடவேண்டிய வினைக்கு விடுதிக் காப்பாளரின் கடிகாரம் புரியுமா? பெண் ஸ்காலர்கள் மனு கொடுத்தார்கள், அது எங்கோ கோப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. மனு செய்யாததை பையன்கள் செய்தார்கள். எட்டேகாலுக்கு நான் கிளம்பும்போது, விருதுநகர் அண்ணன் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் ஒருவரிடம் என் குடுவையை ஒப்படைத்துவிட்டுப் போவேன். பத்து மணிக்கு, வினை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் டிஎல்சி தட்டை அயோடின் ஜாடியில் காட்டி எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வரும். கீழே ஒரே வரி: “எஸ்.எம். இன்னும் கொஞ்சம் இருக்கு. ஓடட்டுமா, ஆஃப் பண்ணவா?” எஸ்.எம். என்றால் தொடக்கப் பொருள், ஸ்டார்டிங் மெட்டீரியல். விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அந்த மங்கலான பழுப்புப் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு சொல்வேன். பதிலுக்கு அவருடைய கட்டுரைகளின் ஆங்கிலம் என் பொறுப்பு. அவர் எழுதும் வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கே அரை நாள் ஆகும்.

இதை நட்பின் பெருமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. கதவை ஒழுங்காகத் திறந்துவைத்திருந்தால் இந்த உதவியே தேவைப்பட்டிருக்காது. நிர்வாகம் செய்யவேண்டிய பல வேலைகளை எங்கள் ஊரில் நட்பு செய்கிறது. நட்பு செய்துவிடுவதாலேயே நிர்வாகம் நிம்மதியாக இருக்கிறது.

பணமும் அப்படித்தான். ஒரே ஆய்வகத்தில் ஒருவர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற உதவித்தொகை வாங்கியவர், இன்னொருவர் எந்த உதவித்தொகையும் இல்லாமல் சேர்ந்தவர். 2014 இறுதியில் ஜேஆர்எஃப் தொகை 16,000-த்திலிருந்து 25,000 ஆனது. நாடு முழுக்க ஸ்காலர்கள் 2018-இன் கடைசி மாதங்களில் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு, 2019 ஜனவரி முதல் 31,000. பிறகு 2023 ஜனவரி முதல் 37,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது மாதாமாதம் வராது. சில மாதங்கள் தொங்கிவிட்டு மொத்தமாக விழும். அதுவரை ஜேஆர்எஃப் வாங்குபவரும் கடன்காரர்தான். விழுந்த அன்று ஆய்வகத்தில் கணக்குத் தீர்க்கும் நாள்: மெஸ் பாக்கி, யாரோ யாருக்கோ கொடுத்த பஸ் காசு, எல்லோருக்குமாக வாங்கிய டியூட்ரேட்டட் குளோரோஃபார்ம் என்ற என்எம்ஆர் கரைப்பான். உதவித்தொகையே இல்லாத தோழி ஒருத்தி மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துவிட்டு இரவில் எழுதுவாள். அவளிடம் யாரும் கரைப்பான் காசு கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை.

கட்டுரை திரும்பி வரும் நாட்களுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இதழிலிருந்து வந்த மின்னஞ்சலை எழுதியவர் முழுதாகப் படிக்க மாட்டார். நேராக இன்னொருவருக்கு அனுப்பிவிடுவார். அந்த இன்னொருவர் மதிப்பீட்டாளர்களின் கருத்தையெல்லாம் படித்து, வசவை நீக்கிவிட்டு, செய்யவேண்டியதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். எனக்கு ஒரு முறை இரண்டு பக்கத்துக்கு வந்த கருத்தில், இது புதிதே அல்ல என்று மட்டும் மூன்று வெவ்வேறு விதமாக ஒருவர் எழுதியிருந்தார். விருதுநகர் அண்ணன் கொடுத்த தாளில் இருந்தவை: “கார்பன் என்எம்ஆர் இரண்டு சேர்மத்துக்கு இல்லை. ஹெச்ஆர்எம்எஸ் (துல்லிய நிறை அளவீடு) கேட்கிறார். அறிமுகத்தில் நாலு கட்டுரை சேர்க்கச் சொல்கிறார், நாலும் அவருடையதாக இருக்கும்.” சிரித்துவிட்டேன். அடுத்த நாளே மாதிரிகளைப் பொட்டலம் கட்டினோம். இன்று நான் கைடாக இருக்கும் ஆய்வகத்திலும் இதைப் பழக்கியிருக்கிறேன். கருத்தில் நியாயம் இருந்தால் அதையும் அந்த இன்னொருவர்தான் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்; வெறும் தட்டிக்கொடுப்பு வேலைக்கு ஆகாது.

இனி அக்காவைப் பற்றி. எங்கள் ஆய்வகத்தில் எனக்கு முன்னும் பின்னும் சேர்ந்த எல்லோருக்கும் வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். யார் நிறமாலை வந்தாலும் அவர் மேசைக்குத்தான் போகும். யாருடைய பிரசன்டேஷனும் முந்தைய நாள் அவர் முன்னால் ஒத்திகை நடக்கும். அதற்கெல்லாம் போன நேரம் அவருடைய ஆய்வேட்டிலிருந்து போன நேரம். அவர் யோசனையால் தப்பிப் பிழைத்த கட்டுரைகள் சிலவற்றில் அவர் பெயர் கிடையாது. கைடிடம் கேட்கலாமே என்றேன். “கேட்டா என்னம்மா, எனக்கு சினாப்சிஸ் கையெழுத்து வேணும்ல” என்றார். சினாப்சிஸ் என்றால் ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கம். சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் எல்லோரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றன. நன்றியுரைப் பக்கங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். கடவுள், கைடு, துறைத்தலைவர், துணைவேந்தர், பெற்றோர் எல்லோருக்கும் தனித்தனிப் பத்தி இருக்கும். ஆய்வகத் தோழர்களுக்குப் பெரும்பாலும் கடைசியில் ஒரு வரி, எல்லாப் பெயரையும் கமா போட்டு. உதவி செய்யும் குணம் உள்ளவர் தலையில் எல்லார் சுமையையும் ஏற்றிவிட்டு, அதற்கு ‘எங்க லேப் ஒரு குடும்பம்’ என்று பெயர் வைப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்தக் குடும்பத்தில் பாத்திரம் கழுவுவது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு அக்காதான்.

நண்பர்களால் முடியாத இடமும் உண்டு. 2018-இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் ஆய்வு மாணவர்களிடம், எடுத்த கணக்கெடுப்பு வெளியானது. 39 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வு அறிகுறிகள்; பதற்றத்துக்கான கணக்கு 41 சதவீதம். பொதுமக்களிடம் இது 6 சதவீதம்தான் என்று ஒப்பிட்டிருந்தார்கள். தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு என்பதால் எண்ணைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், எங்கள் தாழ்வாரத்தில் அது புதுச் செய்தி இல்லை. ஒரு தோழன் சில நாட்களாக ஆய்வகத்துக்கு வராமல் அறையிலேயே படுத்துக் கிடந்தான். விருதுநகர் அண்ணன் இட்லிப் பொட்டலத்தோடு போனார், பேசினார், மறுநாளும் போனார். மூன்றாம் முறை போனவர் பேசவில்லை. ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விட்டார். அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்ளத் தெரிந்ததுதான் அவர் செய்த பெரிய உதவி. இப்போது மனநல உதவிக்கு டெலி மானஸ் என்று 14416 எண் இருக்கிறது, 2022-இலிருந்து. எங்கள் ஆய்வகத்தில் தீயணைப்பு எண்ணுக்குக் கீழே அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் முடித்து வெளியேறியது 2019-இல். அடுத்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு. பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தபோதே கடைசி சீனியர்கள் இருவரும் வைவா என்ற வாய்மொழித் தேர்வை இணையவழியில் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். 2021-இல் புதிதாகச் சேர்ந்த பெண் வந்தபோது அந்த ஆய்வகத்தில் கருவிகள் இருந்தன, கைடு இருந்தார், பெஞ்சில் ஒரு ஆள் இல்லை. என் எண்ணை யாரிடமோ வாங்கிக் கூப்பிட்டாள். “மேடம், ரோட்டாவேப்ல வேக்யூமே ஏற மாட்டேங்குது. சர்வீஸ்காரர் வந்து பார்த்துட்டு மெஷின் சரியாத்தான் இருக்குன்னுட்டார்.”

ரோட்டாவேப் என்பது அழுத்தத்தைக் குறைத்துக் கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் கருவி. மணி என்ன என்று கேட்டேன். மதியம் மூன்று. மாதம் மே. எங்கள் ஆய்வகத்தில் வேக்யூம் எடுப்பது தண்ணீரைச் சுழற்றும் பம்பு. தண்ணீர் எவ்வளவு சூடோ அந்த அளவுக்கு அதன் ஆவி அழுத்தமும் கூடும். அதற்குக் கீழே கருவிக்குள் அழுத்தம் இறங்காது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் மே மாதத் தண்ணீரில் எது இறங்கும்? இது பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் மூன்றாம் மாடிக் கேண்டீனில் கேட்டால் ஐஸ் தருவார்கள், பம்பின் தொட்டியில் அதைப் போட வேண்டும், அதுவும் இல்லையென்றால் காலை ஆறரைக்கே வந்து காய்ச்சி முடித்துவிட வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு அக்கா சொன்னது. அக்காவுக்கு யார் சொன்னார்களோ. அவளிடம் சொன்னேன். சாயங்காலம் “ஏறிடுச்சு மேடம்!!” என்று செய்தி வந்தது. பிறகு சில மாதம் அப்படியே தொலைபேசியில் போனது: பொருளை ஈரம் படாமல் வைக்கும் டெசிக்கேட்டர்களில் எதன் மூடி சரியாக மூடாது, எந்த அலுவலரிடம் படிவத்தைக் காலையில் கொடுக்கவேண்டும், சோடியத்தை எந்த அலமாரியில் வைத்திருக்கிறார்கள். நான்கைந்து தலைமுறை ஸ்காலர்கள் சேர்த்து வைத்தது ஒரே வருட இடைவெளியில் கிட்டத்தட்ட அழிந்திருந்தது. கைடுக்கு இதில் பாதி தெரியாது. அவரைக் குறை சொல்லவில்லை. பெஞ்சில் நின்று வேலை செய்து அவருக்கு இருபது வருடம் ஆகியிருக்கும்.

அதனால் இப்போது ஆள் எடுப்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. யுஜிசி விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு பேருக்குத்தான் கைடாக இருக்கலாம். இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு. அனுமதி கிடைத்ததும் நான்கு இடத்தையும் ஒரே ஆண்டில் நிரப்பிக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கம். நான்கு பேரும் ஒன்றாகத் தடுமாறி, ஒன்றாக வெளியே போய்விடுவார்கள். நான் வருடத்துக்கு ஒருவருக்கு மேல் எடுப்பதில்லை. சேர்ந்தவர் முதல் ஆறு மாதம் எந்த சீனியரின் பெஞ்சில் நிற்கிறாரோ, அந்த சீனியரின் முன்னேற்ற அறிக்கையில் அதையும் ஒரு வேலையாக எழுதச் சொல்கிறேன். ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒருவர் “இதெல்லாம் ரிசர்ச்சாம்மா?” என்று கேட்டார். வரியை நீக்கவில்லை. வரும் ஜூலையில் மூத்த மாணவி சினாப்சிஸ் கொடுக்கிறாள். அவள் கொடுப்பதற்கு முன்பே அடுத்த ஆளைச் சேர்த்துவிட வேண்டும் என்று பதிவாளர் அலுவலகத்துக்கு இப்போதே நடையாய் நடந்துகொண்டிருக்கிறேன். இடம் காலியான பிறகுதான் விண்ணப்பம் வாங்குவோம் என்கிறார்கள்.